கரும்புக்கு எந்த அலமாரி

சென்னை,
15.7.1979

அன்புள்ள நங்கைக்கு,

வசந்தாமணி எழுதுவது. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம் என்றால் விடுதியில் ஒருத்திக்கும் புரியவில்லை. நான் சுகமாக இருக்கிறேன். விடுதிச் சாம்பாரைக் குடித்தும் சுகமாக இருக்கிறேன் என்றால் என் உடம்பு எப்படிப்பட்ட உடம்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அப்பாவின் இருமல் எப்படி? அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறாரா, இல்லை பாட்டில் வாங்கின மாதிரியே இருக்கிறதா? மணியண்ணன் கரும்புக்கு இரண்டாம் களை எடுத்தாயிற்றா?

வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. நூலக அறிவியல் பட்டப்படிப்பு என்றால் ஒரு வருடம் உட்கார்ந்து புத்தகமாகப் படித்துத் தள்ளலாம் என்று நினைத்துத்தான் வந்தேன். இங்கே யாரும் படிக்க விடுவதில்லை. அளக்கச் சொல்கிறார்கள். எத்தனை சென்டிமீட்டர் உயரம், எத்தனை பக்கம், படம் உண்டா, எந்த ஊரில் அச்சடித்தது என்று ஒவ்வொன்றையும் அட்டையில் எழுத வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் மாதிரி எல்லாவற்றையும் கேட்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. இதை வகுப்பில் சொன்னேன். பேராசிரியை ஜானகியம்மாள் சிரிக்கவில்லை. "அளக்காமல் வைத்தால் திரும்ப எடுக்க முடியாது, உட்கார்" என்றார்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் எழுதிப் பார்த்தால் எனக்குத் தைரியமாக இருக்கிறது. உழவர் மன்றத் தலைவர் சின்னுசாமி மாமா நம் வாசலில் நின்றுகொண்டு, "அம்மிணி படிச்சுப்போட்டு வரட்டும். மன்றத்துல நூலகம் தொறந்தா அந்த நாக்காலி அதுக்குத்தான்" என்று எல்லார் காதும் கேட்கச் சொன்னார். அப்பாவும், "வேலை கெடச்சா ரெண்டு வருசத்துக்குக் கண்ணாலப் பேச்சு எடுக்கறதில்லை. கெடைக்கலீன்னா திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கார ஊட்டுக்குச் சரின்னு சொல்லிப்போடுவேன்" என்றார். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த ரிக் வண்டிக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். எனக்கு அந்த நாற்காலிதான் வேண்டும்.

செத்துப்போன தலைமையாசிரியர் மன்றத்துக்குக் கொடுத்த புத்தகப் பெட்டிகளின் சாவி உங்களிடம்தானே இருக்கிறது? கரையான் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு யாரையும் நான் நம்பவில்லை.

அப்பா, அம்மா, அண்ணன் எல்லோருக்கும் என் வணக்கம்.

உங்கள்
அ. வசந்தாமணி


மோகனூர்,
5.8.1979

அன்புள்ள அம்மிணிக்கு,

சௌந்திரம் எழுதிக்கொண்டது. மாமாவின் இருமல் குறைந்திருக்கிறது. அத்தை தைலம் தேய்ப்பதில்லை, நான்தான் பிடித்து உட்கார வைத்துத் தேய்க்கிறேன். உன் அண்ணன் களை எடுத்தாயிற்று. பதினெட்டாம் பெருக்குக்கு ஆற்றில் தண்ணீர் படி தாண்டி வந்தது. எல்லோரும் போனார்கள். சினை மாடு இன்றோ நாளையோ என்றிருந்ததால் நான் போகவில்லை. கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

பெட்டிகளைத் திறந்தேன். மொத்தம் பதினொரு பெட்டி. இரண்டில் கரையான் தொட்டிருக்கிறது. வேப்பிலையும் வசம்பும் போட்டுக் காய வைத்தேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு புத்தகம் இருக்கிறது. கிழிந்தவற்றைத் தனியாக எண்ணினேன்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்த அட்டை எவ்வளவு பெரியது? முதலில் எழுத்தாளர் பெயரா, புத்தகத்தின் பெயரா? நீ வகுப்பில் படிக்கிறதை அப்படியே எனக்கு எழுது அம்மிணி. அடுப்படியில் இருந்துகொண்டே நானும் கேட்டுக்கொள்கிறேன். அத்தை தூங்கின பிறகு எனக்கு வேறு என்ன வேலை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்துக் குளி.

சௌந்திரம்


சென்னை,
9.9.1979

அன்புள்ள நங்கைக்கு,

நான் சுகம். கன்றுக்குப் பெயர் வைத்தாயிற்றா? அம்மாவின் முழங்காலைத் தைலத்தோடு உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன், இனி எனக்குக் கவலை இல்லை.

நீங்கள் இப்படிக் கேட்பது எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா? இங்கே உடன் படிக்கிறவர்களுக்குச் சான்றிதழ் வந்தால் போதும். ராத்திரி பகலாகப் பேச எனக்கு ஆள் இல்லை. நீங்கள்தான் என் வகுப்புத் தோழி.

அட்டை ஐந்து அங்குலம் நீளம், மூன்று அங்குலம் அகலம். முதல் வரி எழுத்தாளர் பெயர். அதற்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளிப் புத்தகத்தின் பெயர். மாதிரிக்கு நான்கு அட்டை இதோடு வைத்திருக்கிறேன். இந்த மாதம் வகைப்பாடு ஆரம்பித்திருக்கிறார்கள். உலகத்தில் உள்ள அறிவை எல்லாம் பத்துக் கூறாகப் பங்கிட்டு, ஒவ்வொரு கூறையும் மறுபடி பத்தாக்கி, அதையும் பத்தாக்கி எண் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை தோற்றது போங்கள். அறுநூற்று முப்பது என்றால் விவசாயம், அறுநூற்று அறுபத்து நான்கு என்றால் உணவு தயாரிப்பு. புத்தகத்தின் முதுகில் அந்த எண்ணை ஒட்டிவிட்டால் போதும், அது எங்கே உட்கார வேண்டும் என்று அதற்கே தெரியும்.

நம் பெட்டியில் கரும்பைப் பற்றி ஏழு புத்தகம் இருக்கிறதே, அதை எங்கே வைப்பது என்று யோசித்தேன். அறுநூற்று அறுபத்து நான்கில், வெல்லத்தோடுதான் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் கரும்புக்காட்டு வரப்பில் நின்றாலே கொப்பரையில் பாகு கொதிக்கிற வாசம் வரும். காட்டை ஒரு அலமாரியிலும் கொப்பரையை ஒரு அலமாரியிலும் வைத்தால் எங்கள் ஊர்க்காரர் நடுவில் நின்று முழிப்பார். எப்படி? நன்றாக எழுதியிருக்கிறேனா? பரீட்சையில் இதை இப்படியே எழுதப் போகிறேன்.

தீபாவளிக்கு வருகிறேன். அதிரசத்துக்கு இப்போதே மாவு இடித்து வையுங்கள்.

உங்கள்
வசந்தாமணி


மோகனூர்,
5.11.1979

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ பஸ் ஏறிப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்ததாக அஞ்சலட்டை வந்தது. இங்கே எல்லோரும் நலம். கன்றுக்கு உன் அண்ணன் வைத்த பெயரை எழுதினால் நீ கோபித்துக்கொள்வாய். வசந்தா என்று கூப்பிடுகிறார்.

நீ மறந்து வைத்துவிட்டுப் போன நீல நோட்டை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உடனே வேண்டுமா? வேண்டாம் என்றால் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும்.

ஒரு சந்தேகம். ஒரு பொம்பளை கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தலைப்பெழுத்து போட்டு எழுதுகிறாள், அப்புறம் புருஷன் பெயரின் தலைப்பெழுத்து போட்டு எழுதுகிறாள் என்று வைத்துக்கொள். அவளுக்கு ஒரு அட்டையா, இரண்டு அட்டையா? எந்தப் பெயர் சரியான பெயர் என்று உங்கள் சட்டத்தில் இருக்கிறது?

சும்மாதான் கேட்டேன். அத்தை கூப்பிடுகிறார்.

சௌந்திரம்


சென்னை,
25.11.1979

அன்புள்ள நங்கைக்கு,

இங்கே மழை விடாமல் கொட்டுகிறது, சளி பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதுகிறேன். வேறு குறை ஒன்றும் இல்லை. அண்ணனிடம் சொல்லுங்கள், அந்தக் கன்றை நான் வரும்போது கட்டுத்தரையில் பார்க்கக் கூடாது.

நோட்டு உங்களிடமே இருக்கட்டும். நான் வேறொன்றில் எழுதிக்கொண்டேன்.

உங்கள் சந்தேகத்தை வகுப்பில் கேட்டேன். ஜானகியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நல்ல கேள்வி" என்றார். நான் கேட்ட கேள்வி எதையும் அவர் அப்படிச் சொன்னதில்லை. இரண்டு அட்டை உண்டு நங்கை. எந்தப் பெயரில் அவள் அதிகம் தெரியவந்திருக்கிறாளோ, அதுதான் முதன்மை அட்டை. மற்ற அட்டையில் பெயரை எழுதி, "பார்க்க" என்று போட்டு முதன்மைப் பெயரைக் குறிக்க வேண்டும். தேடி வருகிறவர் எந்தப் பெயரில் தேடினாலும் ஆள் கிடைத்துவிடுவாள். நீங்கள் பெ. சௌந்திரமாகத் தேடப்படுவீர்களா, ம. சௌந்திரமாகத் தேடப்படுவீர்களா? முதலில் ஒரு புத்தகம் எழுதுங்கள், அப்புறம் அட்டை போடலாம்.

வகைப்பாட்டுத் தேர்வு முடிந்தது. எண் மட்டும்தான் கேட்டார்கள், காரணம் எழுத இடம் இல்லை. நாலு மதிப்பெண் போயிற்று. அதை விடுங்கள்.

இந்த வேகத்தில் போனால் நீங்களே எனக்குப் பரீட்சை வைப்பீர்கள் போல இருக்கிறது.

வசந்தாமணி


மோகனூர்,
8.1.1980

அன்புள்ள அம்மிணிக்கு,

எல்லோரும் சுகம். கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் அம்மா வழுக்கி விழுந்து கால் ஒடிந்துவிட்டதாகத் தகவல் வந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நாளைக்குப் புறப்படுகிறேன். மூன்று மாதம் ஆகலாம். மாமாவும் உன் அண்ணனும் சரி என்று சொல்லிவிட்டார்கள். பெட்டிச் சாவியை உன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன்.

இனி அந்த விலாசத்துக்கு எழுது. பாடம் எழுதுவதை நிறுத்தாதே.

சௌந்திரம்


சென்னை,
3.2.1980

அன்புள்ள நங்கைக்கு,

உங்கள் அம்மா, அத்தாயி அத்தைக்குக் கால் எப்படி இருக்கிறது? கட்டுப் போட்டார்களா, மாவு வைத்தார்களா? உங்களுக்கு நோயாளியையும் பார்த்து வீட்டையும் பார்த்து இடுப்பு ஒடிந்திருக்கும். நான் நல்லபடியாக இருக்கிறேன்.

படுக்கை ஓரத்தில் உட்கார்ந்திருக்க உங்களுக்குப் பொழுது போகாதே என்று என் நோட்டுகளைப் பார்த்து நாற்பது பக்கம் பிரதி எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை இதற்கே போயிற்று. கை வலிக்கிறது. அத்தை தூங்கும்போது படியுங்கள்.

இப்போது எங்களுக்கு நோக்குதவி வகுப்பு நடக்கிறது. நூலகத்துக்கு ஒருவர் வந்து ஏதாவது கேட்டால் தேடிப் பதில் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு கேள்வி கொடுத்தார்கள். என் கேள்வி: "ஒரு விவசாயி வந்து, என் காட்டில் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று கேட்கிறார். பதில் கண்டுபிடி." மூன்று நாள் அரசாங்க அறிக்கைகளைக் கிளறினேன். மாவட்டத்துக்குச் சராசரி எழுதியிருக்கிறார்கள், நம் காட்டுக்கு இல்லை. கிடைக்கவில்லை என்று போய் நின்றேன். "புத்தகத்தில் இல்லை என்றால் துளை போட்டவர்களைக் கேட்டு நீயே அட்டை எழுத வேண்டியதுதானே?" என்றார் ஜானகியம்மாள். துளை போடுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களிடமிருந்து தப்பிக்கத்தான் இங்கே படிக்கிறேன் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

வசந்தாமணி


கொண்டப்பநாயக்கன்பட்டி,
10.3.1980
(அஞ்சலட்டை)

அம்மிணிக்கு, அம்மாவுக்குத் தேவலை. நாற்பது பக்கமும் வந்தது. உடனே எழுத முடியவில்லை, கோபிக்காதே. ஒரே ஒரு சந்தேகம், சீக்கிரம் பதில் போடு. இரண்டு பேர் சேர்ந்து எழுதிய புத்தகத்துக்கு முதன்மை அட்டை யார் பெயரில்? இருபதாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கிற மாதிரி எழுது. சௌந்திரம்.


சென்னை,
18.4.1980

திருமதி சௌந்திரம் அவர்களுக்கு,

நான் சுகமாக இல்லை. நீங்கள் சுகமாக இருப்பீர்கள்.

நேற்று வகுப்பில் நடந்ததை எழுதுகிறேன். கடைசிப் பாடம். ஜானகியம்மாள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தார். சேலத்தில் நடக்கும் மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பின் விடைத்தாள்களை அவர்தான் திருத்தினாராம். "ஒரு தாள் என்னால் மறக்க முடியவில்லை. எல்லாமே சரி. எழுதியது ஆணோ பெண்ணோ தெரியாது. ஆனால் கரும்பை மட்டும் வெல்லத்தோடு வைத்திருக்கிறது. அதற்குச் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள்" என்று குறித்து வைத்திருந்ததை வாசித்தார். "எங்கள் ஊரில் கரும்புக்காட்டு வரப்பில் நின்றாலே கொப்பரையில் பாகு கொதிக்கிற வாசம் வரும். காட்டை ஒரு அலமாரியிலும் கொப்பரையை ஒரு அலமாரியிலும் வைத்தால் எங்கள் ஊர்க்காரர் நடுவில் நின்று முழிப்பார்."

வகுப்பே சிரித்தது. என் வார்த்தை அது. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. இந்த உலகத்தில் அதை நான் ஒருவருக்குத்தான் எழுதியிருக்கிறேன்.

விடுதிக்கு வந்து உங்கள் கடிதங்களை எல்லாம் தேதிப்படி அடுக்கிப் பார்த்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த வேலைதானே. அட்டையின் அளவு, நீல நோட்டு, தலைப்பெழுத்து, சேலத்துக்கு டவுன் பஸ் தூரத்தில் உங்கள் அம்மா வீடு, மூன்று மாதம், இருபதாம் தேதி. ஒடிந்த காலுக்கு யாராவது சரியாக மூன்று மாதம் என்று தேதி குறிப்பார்களா? நான்தான் மக்கு. அத்தையின் காலை நினைத்து அழுதுகொண்டே நாற்பது பக்கம் எழுதினேன்.

ஒன்று கேட்கிறேன். எதற்காக அந்த வகுப்பில் சேர்ந்தீர்கள்? பொழுதுபோக்குக்கு என்றால் ஒரு அஞ்சலட்டையில் எழுதுங்கள், நான் அங்கே வந்து காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். மன்றத்து நாற்காலிக்காக என்றால், இன்னும் வேலை ஆணை கொடுக்கவில்லை என்றால், விலகிக்கொள்ளுங்கள். எனக்கு அது வேலை மட்டும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன்.

வசந்தாமணி


மோகனூர்,
26.4.1980

அன்புத் தங்கை வசந்தாவுக்கு,

அண்ணன் மணியன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். பரீட்சை எழுதும் சமயத்தில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் கடிதத்தை உன் நங்கை படித்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் நெடுநேரம் அங்கேயே நின்றாள். நீயே எழுது என்றேன். பிறகு எழுதுகிறேன் என்கிறாள். அதனால் நான் எழுதுகிறேன்.

சித்திரை ஒன்றாம் தேதி மன்றத்து நூலகம் திறந்துவிட்டது. சௌந்திரம்தான் நூலகர். நீதான் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறாய் என்று உன் கடிதங்களைக் காட்டினாள். அதனால் உனக்குத் தெரிந்துதான் நடக்கிறது என்று நாங்கள் நினைத்தோம். தெரியாது என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்கு வருத்தம்தான். ஆனால் அப்பா பிடிவாதமாக இருக்கிறார். "மருமவளுக்குன்னா வேலை இந்த ஊட்டுலயே நிக்கும். மவளுக்கு வாங்கிக் குடுத்தா நாளைக்கு அது வேற ஊட்டுக்குப் போயிரும்" என்கிறார். சின்னுசாமி மாமாவும் அதையே சொல்கிறார்.

திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிக்காரர் தங்கமுத்து வீட்டார் வந்து போனார்கள். நல்ல இடம். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை அமைதியானவர். மனதைத் தேற்றிக்கொள்.

அண்ணன்
அ. மணியன்


மோகனூர்,
14.5.1980

அம்மிணிக்கு,

உன் பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்தேன். நீ நன்றாக எழுதியிருப்பாய்.

அம்மா விழுந்தது பொய் இல்லை. கால் ஒடியவில்லை, பிசகியது. பத்து நாளில் நடந்தார். மீதி நாளெல்லாம் காலையில் சோறாக்கி வைத்துவிட்டு டவுன் பஸ்ஸில் வகுப்புக்குப் போனேன். பெ. சௌந்திரம் என்றுதான் பதிந்தேன், என் பியூசி சான்றிதழில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. முதல் நாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது என்னைத்தான் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆறு வருடமாக அந்தப் பெயரில் என்னை யாரும் கூப்பிடவில்லை.

உன்னிடம் சொல்லாதது தப்பு. சொன்னால் நீ வேண்டாம் என்றிருப்பாய். நீ வேண்டாம் என்றால் இந்த வீட்டில் நடக்காது என்று எனக்கு அனுபவம் இருக்கிறது. எழுபத்து நான்கில் நான் இந்த வீட்டுக்கு வந்தபோது, மேலே படிக்க வைக்கிறோம் என்று உங்கள் அப்பா எங்கள் வீட்டில் வாக்குக் கொடுத்துத்தான் பெண் கேட்டார். நாமக்கல் கல்லூரிக்கு விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தேன். அப்போது நீ சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தாய். மாமா உன்னைத்தான் கேட்டார். நீ சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு, "நங்கை ஊட்டுல இருந்தாத்தான் நான் நிம்மதியாப் போக முடியுமுங்கப்பா. ரெண்டு பேரும் போயிட்டா அம்மா என்ன பண்ணும்?" என்றாய். நான் உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தேன். அந்த விண்ணப்பத்தைத்தான் அன்றைக்கு அடுப்புக்கு வைத்தேன்.

உன்மேல் கோபம் இல்லை. அப்போதும் இல்லை. ஆனால் நீ ஒவ்வொரு பாடமாக எழுத எழுத, என்னால் சும்மா இருக்க முடியவில்லை அம்மிணி.

கரும்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேலத்து வகுப்பில் வேறு எண்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அது எனக்குத் தெரியும். தேர்வில் எழுதும்போது இரண்டும் ஞாபகம் வந்தது. சென்னையில் படிக்கிறவள், நீ எழுதினதுதான் சரியாக இருக்கும் என்று அதையே எழுதினேன்.

நான் விலக மாட்டேன். மாமாவிடம் ஆவணிக் கல்யாணத்தைத் தள்ளிப் போடச் சொன்னேன். கேட்கவில்லை.

சௌந்திரம்


திருச்செங்கோடு,
23.11.1980

நங்கைக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் சௌக்கியம் என்று போன வாரம் அண்ணன் வந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

என் கல்யாணப் பந்தியில் நீங்கள் என் இலைக்கு இரண்டு தடவை அதிரசம் வைத்தீர்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதிரசம் நன்றாக இருந்தது, ஆனாலும் தின்ன முடியவில்லை. உங்கள் கடிதத்துக்கு ஆறு மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம்தான். ஆனால் அப்பாமேல் இத்தனை கோபம் வரவில்லை. சின்னுசாமி மாமாமேல் வரவில்லை. அவர்கள் வாக்கு மாறுவார்கள் என்று எங்கோ ஒரு மூலையில் எனக்குத் தெரிந்திருக்கிறது. உங்களை நினைத்து நான் அப்படி ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. அதனால்தான் ஆறவில்லை.

நான் முதல் வகுப்பில் தேறினேன். சான்றிதழ் தபாலில் வந்தது. வாங்கிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "இதை வெச்சு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். இப்போது ரிக் வண்டி ஒவ்வொன்றும் திரும்பி வந்ததும் டிரைவரை உட்கார வைத்து, எந்த ஊர், யார் காடு, எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்டு அட்டை எழுதுகிறேன். முந்நூற்றுப் பத்து அட்டை சேர்ந்திருக்கிறது. ஊர்வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். மிக்சர் கடைத் தகர டப்பாதான் என் பெட்டி. சில நாள் அதைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை.

அண்ணன் உங்கள் நூலகத்தின் புத்தகப் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் கையெழுத்து. எப்படியாவது தப்புக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் ஏழுதான் தப்பு.

கரும்புப் பயிரின் எண் 633.61. விவசாயத்தில்தான் வைக்க வேண்டும். 664.1 சர்க்கரை தயாரிப்புக்கு. உங்களுக்குச் சேலத்தில் சொல்லிக்கொடுத்ததுதான் சரி. எனக்கு நாலு மதிப்பெண் போனது இதில்தான். போன வருடம் நவம்பரிலேயே தெரியும். உங்கள் முன்னால் என் பெருமை குறைந்துவிடும் என்று அந்தக் கடிதத்தில் "அதை விடுங்கள்" என்று எழுதி மறைத்துவிட்டேன். நீங்கள் அதை நம்பிப் போய்த் தேர்வில் எழுதினீர்கள்.

எழுபத்து நான்கில் சமையல்கட்டு வாசலில் நான் சொன்னதாக நீங்கள் எழுதியது எனக்குக் கொஞ்சமும் நினைவில்லை. அம்மாவிடமும் கேட்டேன், நினைவில்லை என்றார். ஆனால் நங்கை, அது நான் பேசுகிற மாதிரியேதான் இருக்கிறது.

ஆக, என் தப்பு இரண்டு. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தப்பை மன்னிக்கவும் முயற்சி செய்து பார்த்தேன். முடியவில்லை. முடிந்தால் எழுதுகிறேன்.

அந்த ஏழு புத்தகத்தையும் இடம் மாற்றுங்கள். பழைய சீட்டின் மேலேயே புதுச் சீட்டை ஒட்டிவிடாதீர்கள். ஈரத்துணி வைத்து ஊறவிட்டு, பழையதை முழுக்க உரித்து எடுத்த பிறகு ஒட்டுங்கள். மேலே ஒட்டினால் கொஞ்ச நாளில் அடியில் இருக்கிற எண் தெரிய ஆரம்பித்துவிடும்.

த. வசந்தாமணி
(அ. வசந்தாமணி என்ற பெயரில் யாராவது தேடி வந்தால், இந்த விலாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.)